500 கேவிஏ டிரான்ஸ்பார்மர்: எல்டி கேபிள் பெட்டிக்குள் எக்ஸ்டென்ஷன் பட்டை போட்ட வேலை

திருப்பூர் பக்கத்தில் துணி பதப்படுத்தும் ஆலை ஒன்று. 11 கேவி-யை 433 வோல்ட்டாக இறக்கும் 500 கேவிஏ ஆயில் டிரான்ஸ்பார்மர் அவர்களுக்குச் சொந்தமாகவே இருக்கிறது. அதன் எல்டி (குறைந்த அழுத்த, 433 வோல்ட்) பக்கக் கேபிள் பெட்டிக்குள், மூன்று பேஸில் ஒன்றான டபிள்யூ பேஸின் லக் (கேபிள் நுனியில் அழுத்தி மாட்டும் உலோக முனை) சூடாகிச் சூடாகி, கேபிளின் எக்ஸ்எல்பிஇ (பிளாஸ்டிக் இன்சுலேஷன்) உறை பழுப்பேறி, லேசாக வளைத்தாலே விரிசல் விடும் நிலைக்கு வந்துவிட்டது. அதே சமயம் புதிதாக ஒரு கம்பாக்டிங் இயந்திரமும் வரப்போகிறது, ஏற்கெனவே இருக்கும் இரண்டு கேபிள்களோடு மூன்றாவது ஒன்றையும் இழுக்க வேண்டும் என்றார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே வேலையாகச் செய்தோம். அதற்கு நாங்கள் எடுத்த வழி, டிரான்ஸ்பார்மர் புஷ்ஷிங்கின் (டாங்கிச் சுவர் வழியாக மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் பீங்கான் முனை) பாமில், அதாவது அதன் தண்டில் மாட்டிய தட்டையான இணைப்புத் தட்டில், நேராக லக்கை மாட்டாமல் நடுவில் செம்புப் பட்டை ஒன்றைப் போட்டு டெர்மினலை நீட்டுவது. இதைப் பற்றித் தமிழில் விவரமாக எழுதியதை நான் பார்த்ததில்லை, அதனால் கணக்கு முதற்கொண்டு எழுதி வைக்கிறேன்.

முதலில் பெட்டிக்குள் இருந்த நிலைமை. டிரான்ஸ்பார்மர் 500 கேவிஏ, 433 வோல்ட் என்றால் முழு லோடில் எல்டி பக்கம் 667 ஆம்பியர் வரும். அதற்கு 1000 ஆம்பியர் புஷ்ஷிங் போட்டிருந்தார்கள், தண்டு எம்30. தண்டு டாங்கியின் பக்கச்சுவரிலிருந்து படுக்கையாக வெளியே நீண்டிருக்கும். அதன்மேல் கிளாம்ப் வகைப் பாம் கனெக்டர், அதில் லக். இதுவரைக்கும் எல்லாம் சரிதான். ஆனால் முன்னால் வேலை பார்த்தவர்கள் 300 சதுர மி.மீ. அலுமினிய லக் இரண்டை ஒரே போல்ட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும் என்று இரும்பு வாஷர்களைப் போட்டிருந்தார்கள். அதாவது மேலே இருக்கும் லக்கின் மின்சாரம் முழுக்க அந்த வாஷர் வழியாகத்தான் பாமுக்குப் போக வேண்டும். இரும்பின் மின்தடை செம்பைவிடப் பல மடங்கு அதிகம், போதாததற்கு வாஷரின் வட்டம் சின்னது. எங்கே சூடு பிடித்ததோ அது சரியாக அந்த வாஷர் இருந்த இடம்தான். வாஷர் என்பது போல்ட்டின் அழுத்தத்தைப் பரப்புவதற்கு. மின்சாரம் போகும் இரண்டு முகங்களுக்கு நடுவில் அதற்கு இடமே கிடையாது.

இன்னொரு கோளாறும் இருந்தது. கேபிள்கள் தரையிலிருந்து ஏறி, கிளாண்டு பிளேட் (கேபிளைப் பிடிக்கும் கிளாண்டுகள் மாட்டிய அடித்தகடு) வழியாகப் பெட்டிக்குள் வந்து, அங்கிருந்து பின்பக்கமாக வளைந்து தண்டை எட்ட வேண்டும். கிளாண்டுகளை முன்பக்கம் போட்டுவிட்டதால் கோர்கள் (கேபிளுக்குள் இருக்கும் தனித்தனிக் கம்பிகள்) விறைப்பாக இழுத்துக்கொண்டு நின்றன. 300 சதுர மி.மீ. அலுமினியக் கோர் ஒன்றை வளைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது திரும்ப நிமிரப் பார்க்கும். அந்த இழுப்பு முழுவதும் புஷ்ஷிங்கின் மேல். டபிள்யூ பேஸ் புஷ்ஷிங்கின் அடி கேஸ்கெட்டில் எண்ணெய் கசிந்து பெட்டியின் அடித்தளம் நனைந்திருந்தது. பீங்கானுக்கும் டாங்கிக்கும் நடுவில் இருப்பது கார்க்கும் ரப்பரும் கலந்த ஒரு கேஸ்கெட், ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தால் எத்தனை நாள்தான் தாங்கும்?

கருகிய பாகத்தை நல்ல இடம் வரைக்கும் வெட்டி எடுத்தால் கேபிள் இன்னும் ஒரு சாண் குட்டையாகிவிடும். ஆலை மேலாளர், "ஏனுங்க, கேபிளையே புதுசா இழுத்துட்டா என்னங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கருகியது நுனி மட்டும். டிரெஞ்சுக்குள் கிடக்கும் கேபிளை மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, உறையிலும் குறை இல்லை. அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. நடுவில் ஸ்ட்ரெய்ட் ஜாயின்ட் போட்டு நீட்டலாம் என்பது இன்னொரு வழி. ஒவ்வொரு கேபிளிலும் நான்கு கோர், ஒவ்வொரு கோருக்கும் ஒரு ஃபெரூல் (இணைப்புக் குழல்), அதன் இரு பக்கமும் கிரிம்ப் (குழலை நசுக்கிப் பிடிக்க வைப்பது). பார்வைக்கு எட்டாமல் ஹீட் ஷ்ரிங்க் உறைக்குள் மறைந்து கிடக்கும் அத்தனை இணைப்புகளைப் புதிதாக உண்டாக்குவதைவிட, கதவைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) வைத்துச் சோதிக்க முடியும் என்கிற ஒரு பட்டை எவ்வளவோ மேல். மூன்றாவது லக்குக்கு இடம் வேண்டும் என்கிற பிரச்சினையும் அதிலேயே தீர்ந்துவிடும்.

அமைப்பு இப்படி. பாம் கனெக்டரின் கிளாம்பைத் தளர்த்தித் திருப்பினால் பாமின் தட்டை முகத்தைச் செங்குத்தாக நிறுத்தலாம். அதில் 75 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனமுள்ள செம்புப் பட்டையைச் செங்குத்தாகவே வைத்து, டாங்கியிலிருந்து முன்னோக்கி நேராக நீட்டினோம். வளைவே இல்லை. பட்டை 400 மி.மீ. நீளம். முதல் 75 மி.மீ. பாமின் மேல் படிந்து உட்காரும், அதில் நான்கு எம்12 போல்ட். அதற்கப்புறம் 100 மி.மீ. இடைவெளியில் மூன்று துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு லக், தலைகீழாகத் தொங்குகிற மாதிரி. கடைசி நுனி தாங்கிக்கு. நான்கு பட்டைகளும், அதாவது மூன்று பேஸும் நியூட்ரலும், 150 மி.மீ. இடைவெளியில் இணையாக ஓடும். கீழே கிளாண்டு பிளேட்டில் மூன்று கேபிளும் முன்னும் பின்னுமாக ஒரே வரிசையில், பட்டையில் இருக்கும் துளைகளுக்கு நேர் கீழே. முதல் கேபிளின் நான்கு கோரும் நான்கு பட்டைகளின் முதல் துளைக்கு, இரண்டாவது கேபிள் இரண்டாவது துளைக்கு, இப்படி. கோர் எதுவும் இன்னொன்றைக் குறுக்கே தாண்டாது. பின்பக்கமாக வளைந்து எட்ட வேண்டியதும் இல்லை, நேராக ஏறிப் பக்கவாட்டில் மட்டும் விரிந்தால் போதும். வெட்டியதில் குட்டையான பழைய கேபிளுக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே நீளம் போதுமானதாகிவிட்டது.

லக்குகள் எல்லாவற்றையும் பட்டையின் ஒரே பக்கத்தில்தான் மாட்டினோம். இரண்டு பக்கமும் மாட்டினால் பட்டை நீளம் குறையும், செம்பு மிச்சமாகும், உண்மைதான். ஆனால் பக்கத்துப் பேஸுக்கான காற்று இடைவெளி குறைந்துவிடும். ஒரே பக்கம் என்றால் லக்கின் கழுத்தையும் போல்ட்டையும் கழித்த பிறகும் கிட்டத்தட்ட 100 மி.மீ. மிஞ்சுகிறது. இந்த ஊர்ப் பெட்டிகளுக்குள் பல்லியும் அணிலும் நுழைவது சாதாரணம், அதனால் இடைவெளியில் தாராளமாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

குறுக்குவெட்டு போதுமா? 75-ஐ 10-ஆல் பெருக்கினால் 750 சதுர மி.மீ., 667 ஆம்பியருக்கு ஒரு சதுர மி.மீ.க்கு ஒரு ஆம்பியருக்கும் குறைவு. மூடிய பெட்டிக்குள், கோடையில் வெளியே 38 டிகிரி, பக்கத்திலேயே சூடான எண்ணெய் டாங்கி, இதையெல்லாம் வைத்துப் பார்த்தாலும் இது நிம்மதியான அளவு. 400 மி.மீ. பட்டையின் மின்தடை ஏறக்குறைய 9 மைக்ரோ ஓம்தான் வரும். ஆக பட்டையில் சூடு வராது. சூடு வந்தால் இணைப்பில்தான் வரும். அதைக் கணக்குப் போட்டே மேலாளருக்குக் காட்டினேன். ஒரு இணைப்பு 5 மைக்ரோ ஓம் என்றால் 667 ஆம்பியரில் அங்கே எரிவது 2 வாட் சொச்சம், ஒரு பொருட்டே இல்லை. அதே இணைப்பு அழுக்கும் தளர்வுமாக 100 மைக்ரோ ஓமுக்குப் போனால் 44 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை இரவு பகலாக லக்குக்கு அடியில் எரியவிடுவதற்குச் சமம். எல்லா கவனத்தையும் இணைப்பின் மேல் வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது எடை, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு பட்டை இரண்டே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதை ஒரு முனையில் மட்டும் பிடித்து நீட்டி, மூன்று தடித்த கோரையும் அதில் மாட்டினால் அந்த நெம்பு முழுவதும் புஷ்ஷிங்கின் வேருக்குப் போகும். எண்ணெய் கசிவைச் சரிசெய்ய வந்து கசிவை அதிகமாக்கியதாக ஆகிவிடும். எக்ஸ்டென்ஷன் பட்டையின் வேலை மின்சாரத்தைக் கொண்டுபோவது மட்டுமே, எடை தாங்குவது அதன் வேலை இல்லை. அதனால் முன்நுனியில் தாங்கி கட்டாயம். பெட்டியின் குறுக்கே ஒரு சேனல், அதன்மேல் எஸ்எம்சி-யில் (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) செய்த விரல் வகை பஸ்பார் தாங்கி. பட்டை அந்தக் காடிக்குள் உட்கார்ந்திருக்கும், போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்காது. சூட்டில் 50 டிகிரி ஏறினால் 400 மி.மீ. செம்பு மூன்றில் ஒரு மி.மீ. அளவுக்கு நீளும். அந்த நீட்சி காடிக்குள் நழுவிப் போய்விட வேண்டும், புஷ்ஷிங்கைப் பின்னால் தள்ளக் கூடாது.

சேனலை எங்கே பொருத்துவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தரையிலிருந்து ஆங்கிள் நட்டு அதில் தாங்கியை வைத்தால் பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் டிரான்ஸ்பார்மர் நொடிக்கு 100 முறை அதிர்ந்துகொண்டே இருக்கும் பொருள், தரை அதிராது. அதிரும் புஷ்ஷிங்கையும் அதிராத தாங்கியையும் ஒரு விறைப்பான பட்டையால் சேர்த்தால் நடுவில் அடிபடுவது பீங்கான். கேபிள் பெட்டி டாங்கியோடு சேர்ந்தது, அதனால் சேனலைப் பெட்டியின் பக்கச்சுவர்களிலேயே பொருத்தினோம். எல்லாம் ஒன்றாகவே அதிரும். இதைவிடப் பெரிய டிரான்ஸ்பார்மரில், குறிப்பாக பேனலிலிருந்து பஸ்டக்ட் (கேபிளுக்குப் பதில் பட்டைகள் ஓடும் பெட்டிக்குழாய்) வந்து சேரும் இடத்தில், பாமுக்கும் பட்டைக்கும் நடுவில் பின்னிய செம்பு ஃப்ளெக்ஸிபிள் போடாமல் இருக்கவே கூடாது. இங்கே பட்டைக்கு அப்புறம் வருவது கேபிள் கோர்தான், அதுவே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால் நேர் பட்டையே போதும் என்று முடிவெடுத்தேன்.

தாங்கி வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் ஷார்ட் சர்க்யூட். இம்பீடன்ஸ் (டிரான்ஸ்பார்மரின் உள் மின்மறுப்பு) 4.5 சதவீதம் என்று பெயர்ப்பலகையில் இருக்கிறது, 667-ஐ அதால் வகுத்தால் எல்டி பக்கம் ஒரு பழுதில் கிட்டத்தட்ட 14.8 கிலோ ஆம்பியர் பாயும். முதல் உச்சம் அதைவிட இரண்டு மடங்கு, 30 கிலோ ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 150 மி.மீ. தள்ளி நிற்கும் பட்டைகளுக்கு நடுவில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1000 நியூட்டன் விசை வரும். நம் 400 மி.மீ. பட்டைக்கு 40 கிலோ சொச்சம், அதுவும் பக்கவாட்டில், நொடியில் ஒரு துளி நேரத்துக்குள். முன்நுனி பிடிப்பில்லாமல் நின்றால் அந்த அடி மொத்தமும் புஷ்ஷிங்குக்கு.

பட்டை வாங்கும்போது பழைய இரும்புக் கடைச் செம்பு வேண்டாம் என்று உறுதியாக நின்றேன். எலக்ட்ரோலிட்டிக் தரச் செம்பு, சான்றிதழோடு. நான்கும் சேர்த்து 11 கிலோவுக்குள்தான், அதில் போய் மிச்சம் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. துளைகளைப் பில்லர் டிரில்லில், மெதுவான வேகத்தில், கூலன்ட் ஊற்றிப் போட்டோம். செம்பு இழுவையான உலோகம், வேகமாகப் போட்டால் பிட் கடித்துக்கொள்ளும், துளையின் விளிம்பில் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறைச் சுத்தமாக எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் இரண்டு முகமும் பிசிறின் மேல்தான் உட்காரும், மற்ற இடமெல்லாம் காற்று. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துளை, பிசிறு எல்லாம் முடிந்த பிறகுதான் ஈயம் (டின், அதாவது வெள்ளீயம்) பூசக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். பூசிய பிறகு துளை போட்டால் அங்கே வெறும் செம்பு வெளியே தெரியும். திரும்பி வந்த பட்டைகளுக்கு இணைப்பு முகங்களை மட்டும் விட்டுவிட்டு சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு என்று ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டாயிற்று.

பெட்டியின் ஆழம் போதாது என்பதால் 3 மி.மீ. தகட்டில் முன்பக்க நீட்டிப்பு ஒன்றையும் செய்தோம். நியோப்ரீன் கேஸ்கெட், மேலே மழைநீர் வழிய சின்னச் சரிவு, புதுக் கிளாண்டு பிளேட். ஒவ்வொரு கேபிளிலும் மூன்று பேஸும் நியூட்ரலும் சேர்ந்தே வருவதால் கிளாண்டு பிளேட் சாதாரண இரும்பாக இருந்தால் போதும். ஒற்றைக் கோர் கேபிளாக இருந்தால் அலுமினியமோ ஸ்டெயின்லெஸ்ஸோ போட வேண்டும், இல்லையென்றால் துளையைச் சுற்றி இரும்பே சூடாகும்.

வேலை நாளாக மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணைமின் நிலையத்தில் மின்சாரம் நிறுத்தும் நாளைத் தேர்ந்தெடுத்தோம், ஆலைக்கும் உற்பத்தி இழப்பு இல்லை. கூடுதல் லோடுக்காக ஈபிக்கும் மின் ஆய்வாளருக்கும் கொடுக்க வேண்டிய தாள்களை ஆலையே முன்கூட்டிப் பார்த்துக்கொண்டது. ஊரே இருட்டாக இருக்கிறது என்பதால் லைன் செத்துவிட்டது என்று யாரும் நினைக்கக் கூடாது. ஆலையின் ஹெச்டி (உயர் அழுத்த, 11 கேவி) பிரேக்கரைத் திறந்து, வெளியே இழுத்துப் பூட்டு, பிறகு டிஸ்சார்ஜ் ராடு, பிறகு எர்த். எல்டி பக்கத்தில் எனக்கு அதைவிடக் கவலை அதிகம். ஜெனரேட்டர் இருக்கிறது, கூரையில் சோலார் இருக்கிறது. சேஞ்ச்ஓவரில் ஏதோ ஒரு கோளாறால் 433 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குள் பின்பக்கமாக நுழைந்தால் அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாகப் போய் நிற்கும். ஈபி ஆள் கம்பத்தில் ஏறியிருக்கும் நேரம் அது. ஜெனரேட்டர் பிரேக்கர், சோலார் ஏசி பிரேக்கர், பேனலின் இன்கமர் (நுழைவு பிரேக்கர்) மூன்றுக்கும் தனித்தனிப் பூட்டு, சாவி என் பையில். கெபாசிட்டர் பேனலையும் அணைத்து, டிஸ்சார்ஜ் ஆகும் வரை காத்திருந்து, எல்டி தண்டு நான்கையும் சேர்த்து எர்த் செய்த பிறகுதான் பெட்டிக்குள் கை வைத்தோம்.

கிரிம்பிங்குக்கு அவசரமே கூடாது. 3.5 கோர் கேபிளின் (மூன்று முழுக் கோர், பாதி அளவில் ஒரு நியூட்ரல் கோர்) கோர் வட்டமாக இருக்காது, செக்டார் வடிவத்தில் இருக்கும். அதை அப்படியே வட்ட லக்குக்குள் தட்டித் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், இழைகள் சில வெளியே மடங்கிவிடும், அவற்றை வெட்டியும் விடுவார்கள். வெட்டிய ஒவ்வொரு இழையும் குறைந்த ஆம்பியர். முதலில் ரவுண்டிங் டை வைத்துக் கோரை வட்டமாக்கி, வயர் பிரஷ்ஷால் தேய்த்து, தேய்த்த கையோடு ஜாயின்டிங் காம்பவுண்டு பூச வேண்டும். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் காற்று பட்ட நொடியிலேயே வந்துவிடும், அது மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் தேய்த்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. லக்கின் குழல் அடி வரைக்கும் கோர் போயிருக்கிறதா என்று பார்த்து, அறுகோண டை வைத்து, தட்டைப் பக்கத்திலிருந்து தொடங்கிக் கேபிள் பக்கமாகக் கிரிம்ப் செய்துகொண்டே வர வேண்டும். காம்பவுண்டு வாய்ப்பக்கம் பிதுங்கி வந்தால் உள்ளே நிறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

லக் அலுமினியம், பட்டை செம்பு. இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு, ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அதற்குத்தான் இரண்டு பக்கமும் ஈயப் பூச்சு. புது லக்குகள் ஈயம் பூசியவை. கடற்கரை ஊராகவோ சாயப்பட்டறை ஆவி நேராக அடிக்கும் இடமாகவோ இருந்தால் நான் இதோடு நிற்க மாட்டேன், குழல் அலுமினியமாகவும் தட்டு செம்பாகவும் இருக்கும் பைமெட்டல் லக்கைத்தான் போடச் சொல்வேன். இந்தப் பெட்டி நல்ல அடைப்போடு இருப்பதால் ஈயப் பூச்சு போதும்.

போல்ட் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. அலுமினியம் சூட்டில் விரிவது இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, செம்பு நடுவில். லோடு ஏறும்போது லக் விரியும், இரும்பு போல்ட் அந்த அளவுக்கு நீளாது. நடுவில் மாட்டிய அலுமினியம் நசுங்கும். ராத்திரி லோடு இறங்கியதும் எல்லாம் சுருங்கும், நசுங்கிய அலுமினியம் மட்டும் பழைய கனத்துக்குத் திரும்பாது. இப்படி நாள் தவறாமல் நடந்தால் இணைப்பு தானாகவே தளரும். யாரும் தளர்த்த வேண்டாம். இதைச் சமாளிப்பது பெல்வில் வாஷர் எனப்படும் கூம்பாக வளைந்த ஸ்பிரிங் வாஷர். சாதாரண சுருள் ஸ்பிரிங் வாஷர் ஒரு முறை தட்டையானால் அவ்வளவுதான், அதை நம்புவதில்லை. அடுக்கு இப்படி: போல்ட் தலை, தடித்த பிளெயின் வாஷர், அதன் பிறகு லக்கும் பட்டையும் ஒன்றையொன்று நேராகத் தொட்டபடி, மறுபடியும் தடித்த பிளெயின் வாஷர், அதன்மேல் பெல்வில், கூம்பின் மேடு நட்டைப் பார்த்தபடி, கடைசியில் நட். 8.8 தர எம்12 போல்ட்டுக்கு 70 நியூட்டன் மீட்டர் வைத்தோம். பாமின் நான்கு போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, முதலில் பாதி, பிறகு முழுமை.

இறுக்கும்போது இரண்டு கையிலும் ஸ்பானர் வேண்டும். ஒன்று டார்க் ரெஞ்ச், இன்னொன்று எதிர்ப்பக்கத் தலையைப் பிடிக்க. இல்லையென்றால் அந்த 70 நியூட்டன் மீட்டர் பட்டை வழியாகத் தண்டை முறுக்கும். தண்டின் மறுமுனையில் எண்ணெய்க்குள் வைண்டிங்கின் லீடு இருக்கிறது, தண்டு கொஞ்சம் சுழன்றாலும் அங்கே என்ன ஆனது என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. என்னோடு இருந்த தம்பிக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன், அவனும் கடைசி போல்ட் வரைக்கும் பிடியை விடவில்லை. இறுக்கிய ஒவ்வொரு நட்டிலிருந்தும் பட்டை வரைக்கும் ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு. அடுத்த முறை கதவைத் திறக்கும்போது கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

வரிசை முக்கியம்: முதலில் கேபிளைக் கீழே கட்ட வேண்டும், பிறகுதான் லக். 3.5 கோர் 300 சதுர மி.மீ. ஆர்மர்டு கேபிள் மீட்டருக்குச் சுமார் நாலரை கிலோ வரும். கிளாண்டு பிளேட்டுக்குக் கீழே ஆங்கிளில் மரக் கிளீட் வைத்து மூன்றையும் இறுக்கி, கிளாண்டில் ஆர்மரைப் பிடித்து, ஆர்மர் எர்த்தைக் கொடுத்த பிறகு, லக்கின் துளை பட்டையின் துளைக்கு நேராகத் தானாகவே வந்து நிற்கிற மாதிரி கோரை வளைத்தோம். போல்ட்டைக் கையால் தள்ளினால் நுழைய வேண்டும். டாமி பார் வைத்து நெம்பித்தான் துளை சேர்கிறது என்றால் அந்தக் கோர் இனி காலமெல்லாம் புஷ்ஷிங்கை இழுத்துக்கொண்டிருக்கும் என்று பொருள், மறுபடி வளைத்துச் சரிசெய்வதுதான் வழி. நியூட்ரல் கோர் பாதி அளவு, 150 சதுர மி.மீ., அது சுலபமாக வளைந்தது. நியூட்ரல் எர்த்திங் வெளிப்பக்கமுள்ள தனிப் புஷ்ஷிங்கிலிருந்து இரண்டு தனித்தனிக் குழிகளுக்குப் போகிறது, விதிப்படி இருக்க வேண்டியதும் அதுதான். அதன் போல்ட்டுகளையும் சேர்த்து இறுக்கம் பார்த்தோம்.

மூடுவதற்கு முன் மைக்ரோ ஓம் மீட்டர். பாமுக்கும் பட்டைக்கும் நடுவிலான இணைப்பு எல்லா பேஸிலும் 5 மைக்ரோ ஓமுக்குள் வந்தது. லக் இணைப்புகள் 10-க்குள். இந்த எண்ணைவிட நான் பார்ப்பது மூன்று பேஸும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்பதை. ஒன்று மட்டும் தனியாக இரண்டு மடங்கு காட்டினால் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும், இங்கே அப்படி எதுவும் வரவில்லை. பிறகு கேபிளுக்கு மெகர், பேஸ் வரிசைச் சோதனை, உள்ளே விட்ட ஸ்பானர், துணி, வாஷர் எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பது. கிளாண்டு பிளேட்டில் பயன்படாமல் இருந்த பழைய துளைகளை அடைத்தோம். லக் முகங்களுக்கு மேல் கழற்றி மாட்டக்கூடிய உறைகள் போட்டாயிற்று. எண்ணெய் கசிந்த புஷ்ஷிங்கின் இறுக்கு நட்டுகளைக் கேபிள் இழுப்பு விலகிய பிறகு சமமாக இறுக்கியதில் கசிவு நின்றது. ஆனால் அந்தக் கேஸ்கெட் பழையது, எண்ணெய் வடிகட்டும் நாளில் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

புது இயந்திரமும் ஓடத் தொடங்கி லோடு 520 ஆம்பியர் அளவில் நின்றபோது தெர்மல் கேமரா வைத்துப் பார்த்தோம். இதில் ஒரு நுணுக்கம். ஈயம் பூசிய பளபளப்பான முகத்தில் கேமரா காட்டும் எண்ணை நம்பக் கூடாது, பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் குறைத்தே காட்டும், சுற்றியிருப்பதன் சூட்டைப் பிரதிபலிக்கவும் செய்யும். அதற்காகவே ஷட்டவுனில் ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி வைத்திருந்தோம், அந்த இடத்தில்தான் அளந்தோம். வெளியே 36 டிகிரி இருந்த மத்தியானம், பாம் இணைப்புகள் 60 சொச்சம், லக்குகள் அதைவிடக் கொஞ்சம் குறைவு, மூன்று பேஸுக்கும் நடுவில் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிக்குள். எக்ஸ்எல்பிஇ கேபிளின் எல்லை 90 டிகிரி. கிளாம்ப் மீட்டர் வைத்து மூன்று கேபிளிலும் கோர் வாரியாக ஆம்பியர் பார்த்தோம். புதுக் கேபிளில் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது, அது மற்ற இரண்டையும்விட டிரெஞ்சில் சற்றுக் குட்டையான பாதையில் வருவதால். கவலைப்படும் அளவு இல்லை.

கதவின் உட்பக்கத்தில் பட்டையின் வரைபடம், துளை அளவு, போல்ட் தரம், டார்க் எண், மைக்ரோ ஓம் அளவுகள், தெர்மல் அளவை எடுத்த தேதியும் லோடும் எழுதி லாமினேட் செய்து ஒட்டியிருக்கிறது. அடுத்த மாதாந்திர ஷட்டவுனில் பெட்டியைத் திறந்து பெயின்ட் கோடுகளைப் பார்த்து, அதே 70 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்சை ஒரு முறை வைத்துப் பார்க்க ஆலையின் எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன், அதற்கு மேல் ஒரு நூல்கூட இறுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து.